வண்டி இடப்பக்கம் இழுக்கிறது என்றாயே

பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ பேசியது மொத்தம் நாலு நிமிஷம். அதில் மூணு நிமிஷம் வண்டி இடப்பக்கம் இழுக்கிற கதை. மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்று அம்மா கேட்டதற்கு ஒரு "ம்ம்". சரி, வண்டிக்கே வருகிறேன்.

முதலில் காற்றைப் பார். காலையில் வண்டியை எடுக்கும் முன்பே பார்க்கணும், ஓடிச் சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டும். எவ்வளவு வேண்டும் என்று டிரைவர் கதவோரம் ஸ்டிக்கரில் இருக்கும். இடது முன்டயரில் காற்று குறைந்தாலே அந்தப் பக்கம் இழுக்கும். மழைத்தண்ணீர் ஓடுவதற்காக ரோட்டை ஓரத்துக்குச் சரித்துத்தான் போடுவார்கள், அதில் லேசாக இடப்பக்கம் ஒதுங்குவது கோளாறு இல்லை. சமமான ரோட்டில் ஓட்டிப் பார். குன்னூரில் அதற்கு எங்கே போவது, உனக்குச் சென்னையில் என்ன பஞ்சம்?

காற்று சரியாக இருந்தும் இழுத்தால் முன்டயர் இரண்டையும் பக்கம் மாற்றிப் போடச் சொல். இழுப்பும் பக்கம் மாறினால் டயர்தான் காரணம். டயரில் அம்புக்குறி இருந்தால் அப்படி மாற்றக்கூடாது, அதே பக்கத்துப் பின்டயரோடு மாற்றணும். பட்டறையில் எடுத்த எடுப்பில் அலைன்மென்ட், சக்கரங்களின் கோணத்தைச் சரிபண்ணணும் என்பார்கள். சக்கரத்தைத் தாங்குகிற லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் தேய்ந்திருந்தால் அதை மாற்றாமல் அலைன்மென்ட் பண்ணுவது தண்டம். ஆனால் முதலில் காற்று.

சும்மா போகும்போதே இழுக்கிறதா, பிரேக் மிதித்தால்தானா? அதை நீ சொல்லவே இல்லை. எதைத்தான் முழுசாகச் சொல்கிறாய்? மிதித்தால் மட்டும் என்றால் ஒரு பக்க பிரேக் பிடிக்கிறது, மறுபக்கம் சரியாகப் பிடிக்கவில்லை. எப்போதும் என்றால் கேலிப்பர், அதாவது சக்கரத்தில் பிரேக்கை அழுத்திப் பிடிக்கிற பாகம், ஜாமாகியிருக்கலாம். பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, சக்கரத்துக்கு அருகே புறங்கையைக் கொண்டுபோ, தொடாதே. இடது பக்கம் மட்டும் அனலடித்தால் வண்டியை அங்கேயே போட்டுவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடு. அதோடு மலை ஏறாதே.

கேலிப்பர் பற்றி எனக்கு எப்படித் தெரியும் என்றால், கோத்தகிரி ரோட்டில் கட்டபெட்டு தாண்டி நீ வண்டியை மோதிய அந்தத் தடுப்புச்சுவர். "இழுக்குதுப்பா, நான் திருப்பலை" என்றாய். சித்தப்பா வீட்டார் முன்னால் நான் என்ன பேசினேன் என்பது உனக்கு மறந்திருக்காது. நாலாம் நாள் மெக்கானிக் இடது கேலிப்பரைக் கழற்றிக் காட்டினான். பிஸ்டன் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. எட்டு வருஷம் நீ ஸ்டியரிங்கைத் தொடவில்லை, "அதுக்குப் பயம்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்ததும் நான்தான். இப்போது நீ சொந்தக் காசில் கார் வாங்கியதையும் மார்க்கெட்டில் நானேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், வெட்கமில்லாமல்.

இழுக்கிறது என்று நீ சொன்னால் இழுக்கிறதுதான் பாப்பா. அன்றைக்கே நான் இதைச் சொல்லியிருந்தால் இப்போது எங்களிடம் இன்னும் நாலு விஷயம் சொல்லியிருப்பாயோ என்னவோ.

வண்டி சரியாகாவிட்டால் நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறிவிடு. மேட்டுப்பாளையத்தில் நான் நிற்பேன். தனியாக வந்தாலும் சரி. இரண்டாவது கியரில்தான் மலை இறங்குவேன், அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

காற்று எவ்வளவு இருந்தது என்று மட்டும் நாளைக்கே போன் பண்ணு.

அப்பா