பால் கேன் காசுக்கு பேர் கேட்ட தேர்தல் ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இந்தியத் தேர்தல் ஆணையத்துக்கும், தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரி அவர்களுக்கும் வணக்கம்.

நான் எந்தக் கட்சிக்காரனும் இல்லைங்க. தறிக்காரங்களுக்கும் மளிகைக் கடைக்காரங்களுக்கும் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டு பொழைக்கிறவன். 2021 சட்டமன்றத் தேர்தல்ல எங்க ஊர் ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர் சுயேச்சையா நின்னாரு, "என்கிட்ட ஆறாவது ஏழாவது படிச்சியேடா, கணக்கு நீ எழுது"ன்னு சொன்னாரு, மாட்டேன்னு சொல்ல முடியுமா. அந்த 13 நாள் கணக்கோட ஃபைல் இன்னும் பரண்ல கெடக்கு. போன வாரம் வாத்தியார் திரும்ப வீட்டுக்கு வந்து "2026லயும் நிக்கறேன்டா, ஃபைல எடு"ன்னாரு. எடுத்துப் பாத்தேன். பாத்ததுல இருந்து தூக்கம் வரல, அதான் எழுதறேன்.

விஷயம் உங்களுக்குத் தெரியாதது இல்ல. வேட்பாளருக்கு செலவு வரம்பு உண்டு, 2021ல 30 லட்சத்து 80 ஆயிரம், 2022 ஜனவரில அத 40 லட்சமா ஏத்துனீங்க. கட்சிக்கு வரம்பே கிடையாது. 100 கோடி செலவு பண்ணாலும் 1000 கோடி செலவு பண்ணாலும் யாரும் ஏன்னு கேக்க முடியாது. வேட்பாளருக்கு கோடு போட்டு வெச்சிருக்கீங்களே, அதே மாதிரி கட்சிக்கும் ஒரு கோடு போடுங்க. இந்த மடல்ல நான் கேக்கறது அது ஒண்ணுதான், மத்ததெல்லாம் ஆதங்கம்.

எங்க கதைய சொல்றேன். மார்ச் 22ஆம் தேதி மனு வாபஸ் முடிஞ்சப்புறம்தான் எங்களுக்கு சின்னமே கெடச்சுது, தையல் மெஷின். ஏப்ரல் 4 சாயங்காலம் 7 மணிக்கு பிரச்சாரம் முடியுது. வாத்தியார்கிட்ட இருந்தது அவரோட பென்ஷன்ல மிச்சம் புடிச்ச ஒண்ணரை லட்சம். மீதிய ஜனங்ககிட்டயே கேக்கலாம்னு ஒரு அலுமினிய பால் கேன எடுத்துக்கிட்டு சந்தை, பஸ் ஸ்டாண்டு, தறிப்பட்டறைன்னு சுத்துனோம். நாலு நாள்ல 61,340 ரூபா சேந்துச்சு. பாதி சில்லறை, பத்து ரூபா காயின்தான் ஜாஸ்தி, ஏன்னா எங்க ஊர்ல பஸ்லயும் கடையிலயும் அத வாங்க மாட்டாங்க, சரி இங்கயாவது போவட்டும்னு போட்டிருக்காங்க போல.

26ஆம் தேதி வெள்ளிக்கிழமை ராத்திரி அந்த கேன டிவிஎஸ் ஃபிஃப்டில வெச்சு வாத்தியார் வீட்டுக்கு கொண்டு போறப்ப பைபாஸ்ல பறக்கும் படை நிறுத்திருச்சு. 50 ஆயிரத்துக்கு மேல ரொக்கம், கையில ஆதாரம் இல்ல. தப்பு எங்க மேலயும் இருக்குங்க, அன்னன்னிக்கு பேங்க்ல கட்டியிருக்கணும், கட்டல. வந்த அதிகாரிங்க மரியாதையாத்தான் பேசினாங்க, அதையும் சொல்லிடறேன். தாலுகா ஆபீஸ்ல ஒரு பாய விரிச்சு கேன கவுத்து எண்ண ஆரம்பிச்சாங்க, ராத்திரி ஒண்ணரை ஆச்சு. கிழிஞ்ச நோட்டு தனி, காயின் தனி. ஒரு பத்து ரூபா நோட்டுல மஞ்சள் அப்பியிருந்துச்சு. எண்ணி முடிச்சப்புறம் ஒருத்தர் ரிஜிஸ்டர காட்டி கேட்டாரு, "குடுத்தவங்க பேர், விலாசம் எங்க?"

பேரா? யாரோட பேர சொல்றது? கொத்தமல்லிக் கட்டு விக்கிற ஆத்தா முந்தானைல முடிஞ்சு வெச்சிருந்த இருபது ரூபாய அவுத்து போட்டுச்சு, அதோட பேர் எனக்கு எப்படிங்க தெரியும்? ஆனா உங்க படிவத்துல அந்த கட்டம் இருக்குது, யாருகிட்ட இருந்து பணம் வந்துச்சுன்னு பேரும் விலாசமும் எழுதணும். சட்டப்படி அவரு கேட்டது சரி.

நாலாவது சனி, ஞாயிறு, பேங்க் லீவு. திங்கக்கிழமை பெட்டிஷன். பணம் கைக்கு வந்தது 30ஆம் தேதி செவ்வாய் சாயங்காலம். அதுவரைக்கும் அச்சாபீஸ்காரரு 10 ஆயிரம் நோட்டீஸ கட்டி மூலையில வெச்சிருந்தாரு, காசு குடுத்தாத்தான் எடுக்கலாம்னுட்டாரு, அவரையும் குத்தம் சொல்ல முடியாது, தேர்தல் நேரத்துல சுயேச்சைக்கு கடன் குடுத்து ஏமாந்தவரு அவரு. 13 நாள்ல நாலு நாள் தையல் மெஷின் எங்கயுமே இல்ல.

இப்ப கொஞ்சம் இத பாருங்க. அதே 2021ல தேர்தல் பத்திரம்னு ஒண்ணு நடப்புல இருந்துச்சு. கோடிக்கணக்குல ஒருத்தர் கட்சிக்கு குடுக்கலாம், பேர் வெளிய வராது. 2018 ஜனவரில ஆரம்பிச்சு 2024 பிப்ரவரி 15ஆம் தேதி உச்ச நீதிமன்றம் செல்லாதுன்னு சொல்ற வரைக்கும் ஆறு வருஷம் அது ஓடுச்சு. கணக்கு வெளிய வந்தப்புறம் பாத்தா பாஜகவுக்கு கிட்டத்தட்ட 7,000 கோடி. திமுகவுக்கு 656.5 கோடி, அதுல 509 கோடி ஒரே லாட்டரி கம்பெனி. அதிமுகவுக்கு 6.05 கோடி. தமிழ்நாட்டோட ரெண்டு பெரிய கட்சிக்கு நடுவுலயே நூறு மடங்கு வித்தியாசம்ங்க, அதுவும் 2021 மே வரைக்கும் இங்க ஆட்சில இருந்தது 6 கோடி வாங்கின கட்சி. 6 கோடிலதான் ஒரு பெரிய கட்சி நடந்துச்சான்னு எங்க ஊர் டீக்கடையில கேட்டா டீ மாஸ்டரே சிரிப்பாரு, அது வேற கதை. கம்யூனிஸ்ட் கட்சிங்க பத்திரமே வாங்கல. அப்ப பெருசுங்களுக்குள்ளயே இந்த பள்ளம்னா, பால் கேன் எந்த மூலைக்கு?

நியாயத்த சொல்லணும்னா, 2017லயே நீங்க இந்த பத்திரம் வெளிப்படைத்தன்மைக்கு பின்னடைவுன்னு சட்ட அமைச்சகத்துக்கு கடிதம் எழுதினீங்க. அது ஞாபகம் இருக்கு. அப்ப இருந்த அந்த குரல்தாங்க இப்பவும் வேணும்.

அப்புறம், கட்சிங்க பட்டியல் குடுத்து ஊர் ஊரா பேச அனுப்பற இந்த நட்சத்திரப் பேச்சாளர் சமாச்சாரம். அங்கீகாரம் உள்ள கட்சிக்கு 40 பேர், அங்கீகாரம் இல்லாத பதிவு பண்ண கட்சிக்கு 20 பேர், சுயேச்சைக்கு பூஜ்யம். அவங்க ஹெலிகாப்டர்ல வந்தாலும் தனி விமானத்துல வந்தாலும் அந்தப் பயணச் செலவு வேட்பாளர் கணக்குல ஏறாது, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 77ஆவது பிரிவுலயே எழுதியிருக்கு. மேடையில வேட்பாளர் பேரச் சொல்லி ஓட்டு கேட்டா கூட்டச் செலவுல பங்கு வேட்பாளருக்கு வரும், பேரச் சொல்லாம பொதுவா சின்னத்த மட்டும் காட்டினா கட்சிச் செலவு. இந்த நெளிவு சுளிவெல்லாம் அவங்க கணக்குப்பிள்ளைக்கு மனப்பாடம். எங்க தெருமுனைக் கூட்டத்துக்கு பக்கத்து வீட்டு விசேஷத்துல மிஞ்சின 14 பிளாஸ்டிக் சேர் கடனா வாங்கிப் போட்டோம், எங்க செலவ உங்க ஆளுங்க தனியா குறிக்கிற நிழல் பதிவேட்டுல அது 50 சேர்னு ஏறிடுச்சு. மாவட்ட ரேட் லிஸ்ட் படி சேர் வாடகை, டீ, மைக் செட் எல்லாம் போட்டு, இந்த வித்தியாசத்துக்கு விளக்கம் குடுன்னு நோட்டீஸ். விளக்கம் குடுத்தேன். போட்டோவுல தலைய எண்ணிக் காட்டினேன், அதுல ரெண்டு பேரு நின்னுக்கிட்டு இருந்தாங்க, ஒண்ணு நாய்.

அதே வாரத்துல தொகுதிக்கு மேல ஹெலிகாப்டர் ஒண்ணு ரெண்டு சுத்து சுத்திட்டு இறங்குச்சு. புழுதி அடங்க பத்து நிமிஷம் ஆச்சு. அது எந்த ரிஜிஸ்டர்ல எத்தனாவது பக்கம்னு நான் கேக்கல, கேட்டாலும் சொல்ல மாட்டீங்க.

சரி, வரம்ப 40 லட்சமா ஏத்தினீங்களே, யாருங்க கேட்டது? எங்க மொத்த செலவே ரெண்டு லட்சத்து சொச்சம். 30 லட்சத்தையே கண்ணால பாக்காதவனுக்கு 40 லட்சம் வரைக்கும் செலவு பண்ணிக்கோன்னு அனுமதி குடுக்கறது, சைக்கிள் இல்லாதவன்கிட்ட ஹைவேல 120ல போலாம்னு சொல்ற மாதிரி. கையோட ஒரு கோடின்னே வெச்சிருங்க, ரவுண்டா இருக்கும்.

ஓட்டுக்கு பணம் குடுத்தாங்கன்னு தேர்தல ரத்து பண்றதையும் பாத்துட்டோம். 2016ல அரவக்குறிச்சி, தஞ்சாவூர். 2017ல ஆர்.கே.நகர். 2019ல வேலூர். அரவக்குறிச்சில மே மாசம் நடக்க வேண்டியது நவம்பர்ல நடந்தப்ப அதே ரெண்டு பெரிய கட்சி வேட்பாளருங்களும்தான் திரும்ப நின்னாங்க. பெரிய கட்சிக்கு அது இன்னொரு ரவுண்டு, சின்ன ஆளுக்கு கடன் மேல கடன். 2021ல தமிழ்நாட்டுல பணம், நகை, சாராயம்னு 446 கோடிக்கு புடிச்சதா கணக்கு குடுத்தீங்க. பாராட்டறேன். எங்க பால் கேனும் அந்த தொகைல ஒரு ஓரமா இருக்கான்னு அடிக்கடி யோசிப்பேன்.

கோவத்துல எங்கயோ போயிட்டேன், மன்னிக்கணும். கேக்க வந்தது கட்சிக்கும் ஒரு கோடு போடுங்கங்கறதுதான். அது நாடாளுமன்றம் பண்ண வேண்டியது, ஆணையத்து கையில இல்லன்னு சொல்வீங்க, தெரியும். 1974ல கன்வர் லால் குப்தா வழக்குல கட்சி பண்ற செலவையும் வேட்பாளர் கணக்குல சேக்கணும்னு உச்ச நீதிமன்றம் சொன்னுச்சு, அதே வருஷமே அவசரச் சட்டம் போட்டு அத ஒண்ணுமில்லாம ஆக்கினாங்க. 50 வருஷம் ஆச்சு, ஆட்சி எத்தனையோ மாறியாச்சு, இந்த ஒரு விஷயத்துல மட்டும் அத்தனை கட்சியும் அண்ணன் தம்பி. அதனாலதான் அவங்கள விட்டுட்டு உங்ககிட்ட வர்றோம். கட்சிச் செலவுக்கு உச்சவரம்பு வேணும்னு தொகை இவ்வளவுன்னு போட்டே பரிந்துரை அனுப்புங்க, அனுப்பினத ஜனங்களுக்கும் சொல்லுங்க.

அது நடக்கற வரைக்கும் இன்னொண்ணு செய்யலாம். வேட்பாளர் பிரச்சாரத்துக்கு நடுவுலயே மூணு தடவை ரிஜிஸ்டர தூக்கிட்டு வந்து காட்டணும். கட்சி? சட்டமன்றத் தேர்தல் முடிஞ்சு 75 நாளுக்குள்ள கணக்கு குடுத்தா போதும். ஓட்டு போட்டு, எண்ணி, மந்திரி பதவி ஏத்து, பட்ஜெட்டே வந்தாலும் வந்துரும், அப்புறமா வரும் கணக்கு. எங்கள மூணு தடவை கூப்பிட்ட மாதிரி அவங்களையும் ஓட்டுப்பதிவுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை கூப்பிட்டு, எவ்வளவு வந்துச்சு, எவ்வளவு போச்சுன்னு வாங்கி உங்க வெப்சைட்ல தமிழ்ல போடுங்க. அரசியல் சட்டம் 324ஆவது பிரிவு குடுக்கற அதிகாரத்துல பெரிய பெரிய வேலையெல்லாம் பண்ணியிருக்கீங்க, இது அதுல சின்னதுதான்.

வாத்தியாருக்கு 2021ல 1,904 ஓட்டு, டெபாசிட் போச்சு. இந்த தடவை நான் ரசீது புக் இருபது அடிக்க குடுத்திருக்கேன், பத்து ரூபா போட்டாலும் பேர், தெரு, ஊர் எழுதிட்டுத்தான் வாங்குவோம். கொத்தமல்லி ஆத்தாவோட பேரும் கேட்டு தெரிஞ்சுக்கிட்டேன், குறிச்சு வெச்சிருக்கேன். கட்சிங்க கணக்கு ஓட்டுப்பதிவுக்கு முன்னாடி வருமா வராதான்னு தயவு பண்ணி ஒரு வரி பதில் போடுங்க.

இப்படிக்கு,
2021ல ஒரு சுயேச்சை வேட்பாளருக்கு கணக்கு எழுதினவன்