எட்டு ஸ்டேஷன்

அம்பாசமுத்திரம்
ஐப்பசி கடைசி, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள காந்தி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மகளுக்குச் சுகப்பிரசவம் என்ற வரியை இரண்டு தடவை படித்தேன். அன்றைக்கே இவரைக் கடைக்கு அனுப்பி அல்வா வாங்கி வரச் சொல்லி, பக்கத்து வீட்டுக்கெல்லாம் கொடுத்தேன். இங்கே கார் நெல் அறுவடை முடிந்து பிசானப் பருவத்துக்கு நாற்றுப் பாவியாயிற்று. மழை விட்டு விட்டுப் பெய்கிறது. நெல்லையப்பர் கோயில் திருக்கல்யாணத்துக்கு இந்த வருஷம் போக முடியவில்லை. உன் பேருக்கு ஒரு அர்ச்சனை செய்யச் சொல்லி மதினியிடம் பணம் கொடுத்தனுப்பினேன்.

கால் எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். போனில் அரைகுறையாகச் சொன்னதை இப்போது முழுதாக எழுதுகிறேன். உன் கடிதத்தின் கடைசியில், "முட்டு வலிக்குது, டாக்டர் எக்சர்சைஸ் செய்யச் சொல்லுதாரு, இந்த வயசுல எதுக்குட்டி அதெல்லாம்" என்று எழுதியிருக்கிறாயே, அது என் மனசைப் போட்டுப் பிசைகிறது. அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதப்போகிறேன்.

ஆவணி முதல் வெள்ளி. காசிநாதர் கோயில் படித்துறை. ஆற்றில் நல்ல தண்ணீர். நான்காவது படியில் பாசி இருந்ததைப் பார்க்காமல் கால் வைத்தேன். வலது பாதம் உள்பக்கமாக மடங்கியது. சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சத்தம் எனக்கே கேட்டது. எக்ஸ்ரேயில், பாதத்தின் வெளி ஓரமாகச் சுண்டுவிரலுக்குப் போகும் நீள எலும்பு அடிப்பக்கத்தில் முறிந்திருந்தது. பாதம் அப்படி மடங்கும்போது அந்த இடத்தில் ஒட்டியிருக்கிற தசைநார் எலும்பின் நுனியைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடுமாம். ஆபரேஷன் தேவையில்லை, ஆறு வாரம் மாவுக்கட்டு, முதல் இரண்டு வாரம் காலை ஊன்றவே கூடாது என்றார் டாக்டர்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: "எந்திரிக்காதீங்க, படுத்தே இருங்க." அன்பாகத்தான் சொன்னார்கள். எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்து அவள் வீட்டுக்கு வந்தபோது நாங்களும் அதே அன்போடுதான் அவளைக் கட்டிலில் கிடத்தினோம். ஒரு டம்ளர் தண்ணீர்கூட எழுந்து எடுக்க விடவில்லை. எலும்பு சேர்ந்துவிட்டது. ஆனால் மூன்று மாதம் கழித்து எழுப்பி நிறுத்தினால் தொடை இரண்டும் வற்றிப் போயிருந்தன. இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று குடம் சுமந்து ஆற்றிலிருந்து படியேறி வந்தவளை நீயும் பார்த்திருக்கிறாய். அதன் பிறகு அவள் யாருடைய தோளையும் பிடிக்காமல் ஒரு நாளும் நடக்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை, காந்தி.

எலும்பு அடர்த்தி குறைவு என்று டெஸ்ட்டில் வந்ததிலிருந்து மூன்று வருஷமாக நான் வீட்டிலேயே டம்பெல்ஸ் தூக்கி வருவது உனக்குத் தெரியும். மூன்று கிலோவில் ஒரு ஜோடி, ஐந்து கிலோவில் ஒரு ஜோடி. கட்டுப் போட்ட மறுநாள் அவை கட்டிலுக்கடியில் கிடப்பதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. டாக்டரிடமே கேட்டுவிட்டேன். பாதத்தில் பாரம் விழாமல் எது வேண்டுமானாலும் செய்யலாம் என்று சொல்லி, கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு பிசியோதெரபிப் பெண்ணை அனுப்பினார். அந்தப் பெண் வந்ததும் கேட்டாள்: "அடி பாதத்துலதான அக்கா? முட்டுக்கு மேல என்ன?"

பத்தமடைப் பாயை விரித்து மல்லாந்து படுத்துக்கொண்டு, இரண்டு கையிலும் எடையை மார்புக்கு நேரே தூக்குவேன். முழங்கை தரையில் தொட்டதும் நிறுத்த வேண்டும். அதற்குக் கீழே போக வழியில்லாததால் தோளுக்குக் கெடுதல் இல்லை. ஜன்னல் கம்பியில் ரப்பர் பட்டையைக் கட்டி, நாற்காலியில் உட்கார்ந்து இழுப்பேன். அது முதுகுக்கு. உட்கார்ந்தபடியே தலைக்கு மேலே தூக்குவது தோளுக்கு. காலுக்கு என்ன செய்வது என்றுதான் எனக்குக் கவலையாக இருந்தது. மாவுக்கட்டையே எடையாக வைத்துக்கொள்ளச் சொன்னாள் அந்தப் பெண். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்காமல், கட்டுப்போட்ட காலை ஒரு முழம் தூக்கி மெதுவாக இறக்க வேண்டும். பிறகு ஒருக்களித்துப் படுத்து இடுப்பிலிருந்து பக்கவாட்டில். பிறகு குப்புறப் படுத்துப் பின்னால். முட்டுக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அதை ஐந்து எண்ணும் வரை அழுத்திப் பிடிப்பது ஒன்று. பார்க்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும், தொடை நடுங்கிவிடும். உன் முட்டுக்கு இதுதான் முதலில் வேண்டும்.

அவள் சொன்ன இன்னொன்று என்னால் மறக்க முடியவில்லை. நல்ல காலுக்கும் பயிற்சி கொடுத்தால், கட்டுக்குள் இருக்கிற காலிலும் பலம் அவ்வளவு குறையாதாம். 1894-லேயே அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்கிரிப்சர் என்பவர் ஒரு கைக்கு மட்டும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார். பழக்காத மறு கையிலும் பலம் கூடியிருந்தது. பலம் தசையில் மட்டும் இல்லை, தசைக்கு உத்தரவு கொடுக்கிற மூளையிலும் நரம்பிலும் இருக்கிறது, அதனால்தான் அப்படி என்றாள். அன்றிலிருந்து இடது காலுக்குச் செய்யும்போதெல்லாம் வலதுக்கும் சேர்த்துத்தான் செய்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன்.

எடை தூக்கும்போது மூச்சைப் பிடிக்கக் கூடாது, பிரஷர் ஏறிவிடும், அதனால் வாய்விட்டு எண்ணுங்கள் என்றாள். ஒன்று, இரண்டு என்று எட்டு வரை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒருநாள் சாயங்காலம் ஸ்டேஷன் பக்கம் வண்டிச் சத்தம் கேட்டது. என்னை அறியாமல் வாயில் வந்தது: அம்பை, கல்லிடை, வீரவநல்லூர், காருகுறிச்சி, சேரன்மாதேவி, பேட்டை, டவுன், ஜங்ஷன். சரியாக எட்டு! மீட்டர்கேஜ் வண்டியில் நீயும் நானும் தூக்குச்சட்டியோடு திருநெல்வேலிக்குக் காலேஜுக்குப் போன பாதை. அதிலிருந்து எனக்கு ஒரு செட் என்றால் ஜங்ஷன் வரை. அடுத்த செட், திரும்பி வருகிற வண்டி. மூன்றாவது செட்டில் சேரன்மாதேவி தாண்டினால் கை எரியும். அங்கேதான் உன்னை நினைத்துக்கொள்வேன்.

மூன்றாம் வாரம் ஒரு தப்புச் செய்தேன். ஒற்றைக் காலில் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சியை பிளாஸ்டிக் நாற்காலியில் செய்தேன். மொசைக் தரையில் நாற்காலி பின்னால் வழுக்கியது. நல்லவேளை, கட்டில் கைக்கு எட்டியது. அதற்குப் பிறகு மர நாற்காலிதான், அதுவும் சுவரை ஒட்டி. நீ செய்தாலும் அப்படியே செய். ஊன்றுகட்டை வைத்து நடக்கவும் பழக வேண்டியிருந்தது. பாரத்தை உள்ளங்கையில்தான் தாங்க வேண்டும், அக்குளில் தொங்கினால் நரம்பு அமுங்கிக் கை மரத்துப்போகும். கையில் மூன்று வருஷப் பலம் இருந்ததால் நான் கஷ்டப்படவில்லை. கட்டுப்போட்ட காலில் கெண்டைச்சதை வீங்கி வலித்தால் தள்ளிப்போடாமல் உடனே வரவேண்டும் என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். ரத்தம் உறைந்தால் ஆபத்து.

சாப்பாட்டில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. தினம் இரண்டு முட்டை, அதில் பன்னிரண்டு கிராம் புரதம். மதினி வாரம் இரண்டு நாள் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டு உளுந்தங்களி கிண்டித் தந்தாள்.

புரட்டாசியில் கட்டைப் பிரித்தார்கள். கெண்டைக்காலைப் பார்த்து மனசு விட்டுப்போயிற்று. இன்ச் டேப்பால் அளந்தேன். இடது முப்பத்துமூன்று சென்டிமீட்டர், வலது முப்பது. ஆனால் தொடை இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. கட்டிலைப் பிடித்து எழுந்து நின்றபோது தொடை என்னைத் தாங்கியது. அம்மாவுக்கு இது கிடைத்திருக்க வேண்டும் என்று வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

கணுக்கால் இரும்பு மாதிரி இறுகியிருந்தது. தரையில் விரித்த துண்டைக் கால் விரல்களால் சுருட்டி இழுக்கச் சொன்னாள் பிசியோதெரபிப் பெண். காற்றில் பெருவிரலால் எழுத்து எழுதச் சொன்னாள். முதல் நாள் 'ட' மட்டும்தான் வந்தது. ஒரு கோடு கீழே, ஒரு கோடு பக்கத்தில். 'அ' எழுதப் பத்து நாளாயிற்று, அந்தச் சுழி வளையவே மாட்டேன் என்றது. போன வாரம் 'ழ' எழுதினேன். மறுபடி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து டாக்டர் சம்மதித்த பிறகு, இப்போது அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு குதிகாலையும் தூக்கி இறக்குகிறேன். மறுநாள் காலையில் பாதம் வீங்கியிருந்தால் அன்றைக்குக் குறைத்துக்கொள்வேன்.

காந்தி, உனக்கு எலும்பு முறியவில்லை, முட்டுதான் வலிக்கிறது. டாக்டரே செய்யச் சொல்லும்போது ஏன் விடுகிறாய்? டம்பெல்ஸ் வாங்க வேண்டாம். சுவரை ஒட்டி ஒரு மர நாற்காலி போட்டு, முடிந்தால் கையை ஊன்றாமல், எழுந்து உட்கார். சுளீரென்று வலித்தால் நாற்காலியில் ஒரு தலையணை வைத்து உயரமாக்கிக்கொள். பேரன் தவழ ஆரம்பித்தால் தரையில் உட்கார்ந்து எழ வேண்டாமா?

முதல் நாள் எந்த ஸ்டேஷன் வரைக்கும் போனாய் என்று எனக்கு எழுது. காருகுறிச்சியில் இறங்கிவிட்டாலும் சரி.

இப்படிக்கு உன்,
கோமதி

பி.கு.: கல்லிடைக்குறிச்சி அப்பளம் நாலு கட்டு பார்சலில் அனுப்பியிருக்கிறேன். இரண்டு உனக்கு, இரண்டு சம்பந்தி வீட்டுக்கு.