மாடிப்படி போர்டுக்கு ஒரு நன்றி

நம்ம பில்டிங் ஆளுங்க எல்லாருக்கும் வணக்கம். தண்ணி வடிஞ்சு ஒரு வாரம் ஆச்சு, இப்போ தான் உட்கார்ந்து டைப் பண்ண முடியுது. வெள்ளத்துல மாட்டின அந்த மூணு நாளும் நான் தைரியமா இருந்தேன்னு சொந்தக்காரங்க சொல்லிட்டு திரியறாங்க, சும்மா. முதல் நாள் ராத்திரி கை நடுங்கி மெழுகுவர்த்தி கூட பத்த வைக்க முடியல, தைரியம்லாம் உங்ககிட்ட கடன் வாங்கினது.

ரெண்டாவது மாடி வாத்தியார் சார், முதல் நன்றி உங்களுக்கு. அணை உடைஞ்சிருச்சாம்னு ஃபார்வர்ட் வந்து எல்லாரும் பதறினப்போ "யார் சொன்னா, எத்தன மணிக்கு சொன்னா"ன்னு ரெண்டே கேள்வி தான் கேட்டீங்க, ஒருத்தர்கிட்டயும் பதில் இல்ல. பேத்தியோட வெள்ளை போர்ட மாடிப்படில சாத்தி வெச்சு, ரேடியோல கேட்டத மட்டும் நேரம் போட்டு எழுதினீங்க, அதுக்கு கீழ தண்ணி எத்தன படி ஏறியிருக்குன்னு. 9 மணி 6 படி, 10 மணி 6 படி, 11 மணி 6 படி. அந்த மூணாவது 6-அ பாத்தப்பறம் தான் எனக்கு தூக்கமே வந்துச்சு.

கீழ் வீட்டு அக்காவுக்கு எல்லாமே முழுகிப்போச்சு. நாங்க ஆளாளுக்கு அழாதீங்க அழாதீங்கன்னு சொன்னோம், நர்ஸ் தங்கச்சி நீ மட்டும் பக்கத்துல உட்கார்ந்து பேச விட்டு கேட்ட, அப்புறம் யார் யாருக்கு என்ன மாத்திரை வேணும்னு லிஸ்ட் எடுக்க அவங்களையே அனுப்பின. உலக சுகாதார நிறுவனம் 2011-லயே இதுக்கு கையேடு போட்டிருக்காமே, பாரு, கேளு, உதவி கிடைக்கிற இடத்துல சேர்த்து விடுன்னு, நீ சொல்லி தான் தெரியும். லிஸ்ட்டோட எங்க வீட்டு கதவ தட்டினப்போ அக்கா குரலே வேற மாதிரி இருந்துச்சு.

மேல் மாடி தம்பி, மாத்திரை வாங்க நான் தண்ணில இறங்க போனப்போ நீ கைய பிடிச்சு இழுத்த, வேகமா ஓடுற தண்ணி 15 செ.மீ. இருந்தாலே ஆள தள்ளிடும், இது இடுப்பளவுன்னு சொன்ன, நான் கண்டபடி திட்டிட்டேன், சாரிப்பா. போன் கால் போகாட்டி சின்னதா எஸ்எம்எஸ் போட்டு பாருங்க, அது பெரும்பாலும் போயிடும்னு வீடு வீடா சொன்னதும் நீ தான்.

மொட்டை மாடில நின்னு லைவ் போட்டவருக்கு மட்டும் நன்றி கிடையாது.

சார், உங்க மார்க்கர் எங்க வீட்ல தான் இருக்கு, மை தீர்ந்துடுச்சு, புதுசு வாங்கி தரேன்.