அந்த ‘எப்படி’யையும் சேர்த்தே பகிருங்கள்

அறிவியல், தொழில்நுட்பம், வீடியோ கேம், இசை என்று எங்கெங்கிருந்தோ வியப்பான செய்திகளைத் தேடியெடுத்து மற்றவர்களுக்குச் சொல்லும் நண்பர்களுக்கு,

வணக்கம்.

ஆக்டோபஸுக்கு மூன்று இதயங்கள், சுறாக்களின் பரம்பரை மரங்களுக்கும் மூத்தது, இணையத்தில் வந்த முதல் வெப்கேமரா காட்டியது ஒரு காபிக் குடுவையை. இவற்றை எனக்குச் சொன்னது பாடப் புத்தகம் இல்லை. உங்களைப் போன்ற யாரோ ஒருவர் வழியில் கண்டதைத் தன்னோடு வைத்துக்கொள்ள மனமில்லாமல் சொன்னதால்தான் தெரிந்தது. யாரும் கேட்காமலே செய்கிற இந்த வேலை பெரிய வேலை. பலருக்கு அறிவியலோடு மிச்சமிருக்கும் ஒரே தொடர்பு நீங்கள்தான். அதனால்தான் உங்களிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. வியப்பைச் சொல்லும்போது அது எப்படித் தெரியவந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். யார் பார்த்தார்கள், எதை வைத்து உறுதி செய்தார்கள் என்று ஒரு வரி இருந்தாலே போதும்.

ஏன் கேட்கிறேன் என்பதற்கு, எல்லோரும் கேட்டிருக்கக்கூடிய ஒரு கதையையே எடுத்துக்கொள்கிறேன். விண்வெளியில் எழுதும் பேனாவுக்காக நாசா கோடிகளைக் கொட்டியதாம், ரஷ்யர்கள் பேசாமல் பென்சிலை எடுத்துக்கொண்டு போனார்களாம். மேடைப் பேச்சிலும் மேலாண்மை வகுப்பிலும் இது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நடந்தது வேறு. ஆரம்பத்தில் இரண்டு நாட்டினருமே பென்சில்தான் பயன்படுத்தினார்கள். 1965இல் நாசா 34 மெக்கானிக்கல் பென்சில்களை ஒன்று 128.89 டாலர் என்று வாங்கி, இவ்வளவு விலையா என்று திட்டும் வாங்கியது. பேனாவை உருவாக்கியவர் பால் ஃபிஷர் என்ற பேனா உற்பத்தியாளர், அதுவும் தன் நிறுவனத்தின் சொந்தப் பணத்தில். மையை நைட்ரஜன் அழுத்தித் தள்ளும். அந்த மையும் சாதாரண மை இல்லை. சும்மா இருக்கும்போது கூழ்போல் உறைந்திருந்து, முனையிலுள்ள குண்டு உருளும்போது மட்டும் இளகும். நாசா அதைச் சோதித்துப் பார்த்துவிட்டுச் சுமார் 400 பேனாக்கள் வாங்கியது, ஒவ்வொன்றும் சில டாலர்தான். 1969இல் சோவியத் தரப்பும் அதே நிறுவனத்திடம் 100 பேனாக்களும் 1000 மைக்குழாய்களும் வாங்கியது.

பென்சிலை ஏன் விட்டார்கள் என்பதில்தான் இந்தக் கதையின் உயிரே இருக்கிறது. எடையற்ற இடத்தில் உடைந்த பென்சில் முனை கீழே விழாது, மிதக்கும். கண்ணுக்குள் போகலாம், கருவிக்குள் போகலாம். கிராஃபைட் மின்சாரம் கடத்தும் பொருள் என்பதால் அந்தத் தூளே ஆபத்து. மரமோ எரியக்கூடியது. 1967இல் அப்பல்லோ 1 கலத்தில், தரையில் நடந்த ஒத்திகையின்போதே தீப்பிடித்து மூன்று வீரர்கள் இறந்த பிறகு, எரியக்கூடிய எதையும் உள்ளே விட யாருக்கும் மனம் வரவில்லை. இவ்வளவையும் உதறிவிட்டு ‘படித்தவர்கள் முட்டாள்கள், எளிமையே அறிவு’ என்ற ஒரு சிரிப்பை மட்டும் அந்தக் குட்டிக் கதை தூக்கிக்கொண்டு போகிறது. கேட்டவருக்குக் கிடைத்தது பொறியியல்மீது ஓர் இளக்காரம். கிடைத்திருக்க வேண்டியது, ஒரு பென்சில் தூளுக்காக அவ்வளவு தூரம் யோசித்த மனிதர்கள்மீது மரியாதை.

சரி, பொய்க் கதையில்தான் இந்தச் சிக்கல் என்று நினைக்க வேண்டாம். உண்மையான செய்தியும் நறுக்கப்படும்போது உயிரை விடுகிறது. ‘வேற்றுக்கிரகத்திலிருந்து வந்த சிக்னல் என்று நினைத்தார்கள், கடைசியில் மைக்ரோவேவ் அடுப்பு!’ என்று சுற்றிவரும் செய்தியைப் பார்த்திருப்பீர்கள். ஆஸ்திரேலியாவில் பார்க்ஸ் என்ற இடத்திலுள்ள 64 மீட்டர் ரேடியோ தொலைநோக்கியில் நடந்தது அது. இந்தச் சுருக்கத்தைப் படிப்பவர், விஞ்ஞானிகள் அசடு வழிந்தார்கள் என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார். முழுசாகக் கேட்டால் துப்பறியும் கதை.

2007இல் அதே தொலைநோக்கியின் பழைய பதிவுகளில் ஒரு விசித்திரத் துடிப்பு கண்டுபிடிக்கப்பட்டது. சில மில்லி வினாடிகளே நீடித்த, மிகத் தொலைவிலிருந்து வந்ததாகத் தோன்றிய ரேடியோ வெடிப்பு. வெகுதூரம் பயணம் செய்த ரேடியோ அலைகளில் உயர் அதிர்வெண் முதலில் வரும், தாழ்ந்தது பின்தங்கி வரும். இந்தத் துடிப்பிலும் அப்படியே இருந்தது. ஆனால் அதே தொலைநோக்கியில், அதேபோன்ற சாயலில், வேறு சில துடிப்புகளும் பதிவாகியிருந்தன. பெரிட்டான் என்று பெயர் வைத்தார்கள். அவை தொலைநோக்கியின் எல்லா ஏற்பிகளிலும் ஒரே நேரத்தில் பதிவாயின. வானத்தின் ஒரு புள்ளியிலிருந்து வருவது அப்படிப் பதிவாகாது, அதனால் பக்கத்திலேதான் ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது. அதோடு, பெரும்பாலும் மனிதர்கள் விழித்து வேலை செய்யும் நேரத்திலேயே வந்தன. பக்கத்திலிருப்பது எது என்பதுதான் பல வருடமாகப் பிடிபடவில்லை. அப்படியானால் 2007இல் சொன்ன துடிப்பும் உள்ளூர் இரைச்சல்தானோ என்ற சந்தேகம் எழுந்தது.

2015இல் எமிலி பெட்ராஃப் தலைமையிலான குழு விடையைக் கண்டுபிடித்தது. புதிதாக வைத்த குறுக்கீட்டுக் கண்காணிப்புக் கருவி, ஒவ்வொரு பெரிட்டானோடும் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒரு கசிவு இருப்பதைக் காட்டியது. மைக்ரோவேவ் அடுப்பின் அதிர்வெண் அது. உடனே அடுப்பை ஓடவிட்டுச் சோதித்தார்கள், ஒன்றும் வரவில்லை. பிறகுதான் புரிந்தது. அடுப்பு தானாக நிற்கும்வரை காத்திருக்காமல் பாதியிலேயே கதவைத் திறந்தால், அணையும் அந்தக் கணத்தில் உள்ளே அலைகளை உண்டாக்கும் மேக்னட்ரான் என்ற பாகம் ஒரு துடிப்பை வெளியே விடுகிறது. தொலைநோக்கியும் தோதான கோணத்தில் திரும்பியிருந்தால் அது பெரிட்டானாகப் பதிவாகிறது. பசியில் அவசரப்பட்ட யாரோ செய்த வேலை.

இதற்குப் பிறகு வருவதை யாரும் பகிர்வதில்லை. பெரிட்டானுக்குக் காரணம் தெரிந்ததால், அதற்கும் விண்வெளித் துடிப்புக்கும் உள்ள வேறுபாடு தெளிவானது. 2007இன் துடிப்பு அடுப்பிலிருந்து வந்ததல்ல என்ற நம்பிக்கை வலுத்தது. அந்த வகைத் துடிப்புகள் இன்று வானியலில் தனித் துறையாகவே வளர்ந்திருக்கின்றன. 2020இல் நம் பால்வீதியிலுள்ள ஒரு மேக்னெட்டார், அதாவது அதீதக் காந்தப்புலம் கொண்ட நியூட்ரான் விண்மீன், அப்படி ஒரு துடிப்பை வெளியிட்டபோது கையும் களவுமாகப் பிடித்தார்கள். அடுப்பைத் தேடிப்போன பொறுமை, விண்மீனைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது. நான்கு வரி கூடுதலாக எழுதினால் இது அத்தனையும் வாசகருக்குப் போய்ச் சேரும்.

‘எப்படி’யைச் சொல்வதில் இன்னொரு லாபமும் உண்டு. தனித்தனியாகக் கிடக்கும் செய்திகள் ஒன்றையொன்று கண்டுகொள்ளும். 1980இல் வந்த பேக்-மேன் விளையாட்டில் 256ஆவது கட்டத்துக்குப் போனால் திரையின் வலது பாதி எழுத்தும் குப்பையுமாகக் கலங்கிவிடும். 2014இல் ஒரு தென்கொரியப் பாடல் காணொளியின் பார்வைகள் 2,147,483,647ஐ நெருங்கியதும், யூடியூப் தன் எண்ணிக்கை முறையையே பெரிதாக்க வேண்டியிருந்தது. 2038 ஜனவரி 19 அன்று, பழைய முறையில் நேரத்தை எண்ணும் கணினிகள் காலத்தைத் தொலைக்கும் அபாயம் இருக்கிறது. தனித்தனியாகப் பகிர்ந்தால் மூன்று வேடிக்கைகள். காரணத்தோடு பகிர்ந்தால் மூன்றும் ஒன்றே: எண்ணை எழுத ஒதுக்கிய இடம் நிரம்பிவிட்டது. 8 பிட்டில், அதாவது 0 அல்லது 1 மட்டும் வைக்கக்கூடிய எட்டு இடங்களில், 255க்கு மேல் எழுத இடமில்லை. 32 பிட்டில், எண் நேர்மறையா எதிர்மறையா என்று குறிக்க ஒரு பிட் போக, 2,147,483,647தான் உச்சம். 1970 தொடக்கத்திலிருந்து வினாடிகளை எண்ணிக்கொண்டே வந்தால் அந்த உச்சம் 2038இல் வருகிறது. இதைப் புரிந்துகொண்ட ஒருவர், நாளைக்கு வேறெங்காவது 255ஐயோ, 16 பிட்டின் உச்சமான 65,535ஐயோ பார்த்தால் நீங்கள் சொல்லாமலே புருவம் உயர்த்துவார்.

ஆனால் காரணம் பொருந்துகிறது என்பதே சான்று ஆகிவிடாது. இதற்கும் கணினி விளையாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 1991இல் வந்த சிவிலைசேஷன் விளையாட்டில் காந்தி அணுகுண்டு வீசுவார் என்பது புகழ்பெற்ற செய்தி. காரணமும் சொல்வார்கள்: காந்தியின் ஆவேச அளவு 1, ஜனநாயகத்துக்கு மாறினால் 2 குறையும், கீழே போக இடமில்லாமல் எண் சுற்றிவந்து 255 ஆகிவிடும். மேலே சொன்ன அதே கோளாறு, கச்சிதமாகப் பொருந்துகிறது. அப்படி ஒரு பிழை இருந்ததே இல்லை என்று, அதை உருவாக்கிய சிட் மையர் 2020இல் வெளிவந்த தன் நினைவுக் குறிப்புகளில் எழுதிவிட்டார். காரணம் அவ்வளவு அழகாக இருந்ததால்தான் யாரும் சரிபார்க்கவில்லை. எனக்கு இந்த மறுப்பு அசல் செய்தியைவிடச் சுவையாக இருக்கிறது. ஒரு கட்டுக்கதை எப்படிப் பிடித்து நிற்கிறது என்பதை இவ்வளவு சுத்தமாகக் காட்டும் உதாரணம் எளிதில் கிடைக்காது.

எதிர்த்திசையிலும் நடக்கிறது. விற்காத வீடியோ கேம்களை அடாரி நிறுவனம் பாலைவனத்தில் புதைத்தது என்பதைப் பலர் வெறும் கதை என்று தள்ளினார்கள். 2014 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், அலமகோர்டோ ஊர்க் குப்பைமேட்டைத் தோண்டியபோது, 1983இல் புதைத்த ‘ஈ.டி.’ என்ற விளையாட்டின் கேட்ரிட்ஜ்கள் உண்மையிலேயே வெளியே வந்தன. கூடவே வேறு பல விளையாட்டுகளும் வந்தன. அந்த ஒரு விளையாட்டுக்கான கல்லறை அது என்ற நம்பிக்கையும் திருந்தியது. நம்புவதா வேண்டாமா என்று வாதாடிக்கொண்டிராமல் யாரோ போய்த் தோண்டினார்கள் பாருங்கள், அதைச் சொல்லுங்கள்.

நீளமாக எழுதினால் படிக்க மாட்டார்கள் என்பீர்கள். நியாயமான கவலைதான். ஆனால் பல இடங்களில் ஒரு வாக்கியமே போதும். ‘வெள்ளிக் கோளில் ஒரு நாள் ஓர் ஆண்டைவிட நீளம்’ என்று எழுதுகிறோம். வெள்ளி தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 243 பூமி நாட்கள், சூரியனைச் சுற்ற 225. அந்தக் கணக்கில் சரி. ஆனால் அது தலைகீழ்த் திசையில் சுழல்வதால், அங்கே ஒரு விடியலுக்கும் அடுத்த விடியலுக்கும் நடுவே 117 நாட்கள்தான். அந்த ஒரு வாக்கியத்தைச் சேர்த்தால் செய்தியின் சுவை குறைவதில்லை. நாள் என்று எதைச் சொல்கிறோம் என்று வாசகரையே யோசிக்க வைக்கிறது.

படங்களுக்கும் இதே வேண்டுகோள். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி படம்பிடிப்பது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. நீண்ட அலைக்குச் சிவப்பு, குறுகிய அலைக்கு நீலம் என்ற வரிசையில் பிறகுதான் நிறம் கொடுக்கிறார்கள். அதைச் சொன்னால் படம் பொய்யாகிவிடாது, கண்ணால் பார்க்க முடியாததைப் பார்க்கிறோம் என்ற உணர்வு வரும். செயற்கை நுண்ணறிவு வரைந்த, எங்குமே இல்லாத விலங்குகளும் பூக்களும் இன்று உண்மைப் படங்களோடு கலந்து வருகின்றன. எங்கே, யார் எடுத்த படம் என்று தெரியாவிட்டால் தயவுசெய்து அனுப்பாதீர்கள். வாத்தைப் போன்ற அலகுள்ள ஆஸ்திரேலிய விலங்கு பிளாட்டிபஸ். 1799இல் அதன் தோலை முதன்முதலில் விவரித்த ஆங்கிலேய இயற்கையியலாளர் ஜார்ஜ் ஷா, வேறொரு விலங்கின் உடலில் யாரோ வாத்தின் அலகைப் பொருத்திவிட்டார்களோ என்ற ஐயத்தை அந்த விவரிப்பிலேயே எழுதி வைத்தார். விலங்கு உண்மை, ஐயமும் நேர்மையானது. இரண்டையும் சேர்த்தே பதிவு செய்தார்.

பயன் என்ன என்று யாராவது கேட்டால் தடுமாற வேண்டாம். வாம்பட் என்ற ஆஸ்திரேலிய விலங்கின் சாணம் கன சதுரமாக இருக்கிறது. குடலின் கடைசிப் பகுதியில் சில இடம் விறைப்பாகவும் சில இடம் நெகிழ்வாகவும் இருந்து, சுருங்கிச் சுருங்கி அந்த மூலைகளை உருவாக்குகிறது என்று கண்டுபிடித்தவர்களுக்கு 2019இல், முதலில் சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக்நோபல் பரிசு கிடைத்தது. அது தெரிந்துகொள்ளத் தகுந்தது, அவ்வளவுதான். அதற்கு ஒரு வணிகப் பயனை ஒட்டவைக்கத் தேவையில்லை.

கடைசியாக, திருத்தம். 2011 செப்டம்பரில் ஆபெரா ஆய்வுக் குழு, நியூட்ரினோ என்ற நுண்துகள்கள் ஒளியைவிடச் சுமார் 60 நானோ வினாடி முந்தி வந்ததுபோல் தெரிகிறது என்று அறிவித்தது. ஒளியை எதுவும் முந்தாது என்ற ஐன்ஸ்டைன் தோற்றார் என்று உலகமே பகிர்ந்தது. குழுவினர் அப்படிச் சொல்லவே இல்லை. எங்கே தவறு என்று எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை, நீங்களும் பாருங்கள் என்றுதான் மற்ற விஞ்ஞானிகளைக் கேட்டார்கள். 2012இல் அவர்களே காரணத்தையும் கண்டுபிடித்து வெளியே சொன்னார்கள்: முக்கியமாக, சரியாகப் பொருந்தாத ஓர் ஒளியிழைக் கேபிள் இணைப்பு. முதல் செய்தி போய்ச் சேர்ந்த இடங்களில் பாதிக்குக்கூட இரண்டாவது செய்தி போகவில்லை என்றே நினைக்கிறேன். இன்றும் அந்த 60 நானோ வினாடியை நம்பிக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கிறேன்.

நீங்கள் பகிர்ந்த ஒன்று பிறகு மாறினால், பழையதைச் சத்தமில்லாமல் அழித்துவிடாதீர்கள். அதே ஆட்களுக்கு, அதே அளவு உற்சாகத்தோடு, என்ன மாறியது, யார் மாற்றினார்கள் என்று எழுதுங்கள். கேபிளைத் தேடிக் கண்டுபிடித்த கதை, ஒளியை முந்திய கதைக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல. அதையும் நான் உங்களிடமிருந்தே கேட்க விரும்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் பகிர்வுகளை விடாமல் வாசிக்கும் ஒருவர்