கேட்காமலே தைத்துக் கொடுத்த அக்காவுக்கும், மற்ற எல்லோருக்கும்

நேற்று டிரெஸ்ஸிங் அறையில் சிஸ்டர், அக்குள் கட்டியை அறுத்த புண்ணிலிருந்து பஞ்சை எடுத்துப் பார்த்துவிட்டு, "மூடிருச்சும்மா, இனிமே கட்டு வேண்டாம்" என்றார். அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். பட்ட பாடு உங்களுக்கெல்லாம் தெரியும், அதைத் திரும்ப ஓட்ட வேண்டாம்.

முதல் நன்றி எங்கள் தெருத் தையல்கார அக்காவுக்கு. உங்களில் அவர் ஒருவருக்குத்தான் நான் எதையுமே சொன்னதில்லை.

சித்திரை வெயிலில் ஒருநாள் பழைய பிளவுஸ்கள் சிலவற்றைத் தளர்த்தக் கொடுத்தேன். துவைத்துத்தான் கொடுத்தேன், ஆனால் சீழ்க்கறை லேசில் போகாதே. திரும்ப வாங்கிப் பார்த்தால் அக்குளில் தையலே இல்லை. கை சேரும் இடத்தைப் பிரித்து, சாய்சதுரமாக ஒரு துண்டு வைத்து, தையலை நாலு பக்கமும் தள்ளிவிட்டிருந்தார். உள்பக்கம், துவைத்துத் துவைத்து நைந்துபோன சுங்குடிச் சேலைத் துணியில் ஒரு மடிப்பு, அதுவும் பிரஸ் பட்டன் வைத்து. கறை பட்டால் அதை மட்டும் கழற்றி அலசிக்கொள்ளலாம். மாற்றிப் போட வேறு சில துண்டுகளும் பைக்குள் இருந்தன.

"கையைத் தூக்கிப் பாரு, உரசுதா?" கேட்டது அவ்வளவுதான். என்ன கட்டி, எத்தனை வருஷமா, எந்த டாக்டர், ஒரு கேள்வி கிடையாது. கூலியும் தளர்த்தியதற்கு மட்டும்தான் வாங்கினார்.

அன்றைக்கு அடுத்த நாள் பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வேலைக்குப் போனேன். இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். என்னைப் போல ஹைட்ராடெனிடிஸ் சப்புரேட்டிவா உள்ளவர்களைக் கேட்டுப் பாருங்கள். உரசலும் வேர்வையும் அதற்கு ஆகவே ஆகாது. மயிர்க்கால் அடைபட்டு உள்ளேயே வெடித்து, தோலுக்கு அடியில் சுரங்கம் போட்டுக்கொண்டு போகிற நோய் அது. அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடியில் என்று வெளியில் காட்ட முடியாத இடமாகப் பார்த்து வரும். எனக்குக் கூடவே சுகர் வேறு. சீழ் கட்டினால் சுகர் ஏறும், சுகர் ஏறினால் புண் ஆறாது. ஒன்றுக்கொன்று நல்ல ஒத்தாசை!

"சூட்டுக்கட்டிதான், எண்ணெய் தேய்ச்சுக் குளி" என்று சொன்னவர்கள் மேலும் கோபமில்லை. ஆனால் ஒன்று: இது குளிக்காததால் வருவதில்லை, யாருக்கும் ஒட்டுவதும் இல்லை. சமையலறைக்குள் என்னைத் தாராளமாக விடலாம்.

அப்புறம், சுகரை இறக்கினால்தான் கத்தி வைப்பேன் என்று பிடிவாதமாக இருந்த டாக்டருக்கு நன்றி. தைக்காமல் திறந்தே விட்டு அடியிலிருந்து சதை வளர வைத்த புண்ணை, முகம் சுளிக்காமல் தினமும் கட்டிய சிஸ்டர்களுக்கு நன்றி. இன்சுலின் ஊசியை ஃப்ரிட்ஜில் வைத்துத் தந்த ஆபீஸ் கேன்டீன் அண்ணனுக்கு, மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவம் தங்கச்சிக்கு, வெள்ளைச் சோற்றைக் குறைத்ததற்காக என்னோடு சண்டை போட்டுவிட்டு அதே தட்டில் கூடுதலாய்க் கீரை வைத்த அம்மாவுக்கு, எல்லோருக்கும்.

நோய் போய்விடவில்லை. இன்னொரு இடத்தில் வரலாம், டாக்டரும் மறைக்காமல் சொல்லிவிட்டார். ஆனால் இனி ஒரு காரியம் செய்யப் போகிறேன். அதே இடத்தில் கட்டி திரும்பத் திரும்ப வருகிறது என்று எந்தப் பெண் என் காதில் போட்டாலும், கூச்சப்படாமல் தோல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவேன், சுகரும் பார்க்கச் சொல்வேன்.

தையல்கார அக்காவுக்குக் கடைசியாக ஒன்று. தீபாவளிக்குத் துணி எடுத்து வைத்திருக்கிறேன். இந்தத் தடவை அந்த உள்துணிக்கும் சேர்த்துக் கூலி வாங்காவிட்டால் வேறு கடைக்குப் போய்விடுவேன்.