தீயணைப்பு, ஆம்புலன்ஸ் ஆபீசர்களுக்கு ஒரு திறந்த மடல்: மாஸ்க்க மொதல்ல கழட்டுறது நீங்கதான் சார்

ஸ்டேஷன் ஆபீசர்களுக்கும் ஷிப்ட் இன்சார்ஜ்களுக்கும் வணக்கம்.

பசங்க சேஃப்டி கியர் ஒழுங்கா போட மாட்டேங்கறாங்கன்னு மீட்டிங்குக்கு மீட்டிங் பொலம்புறீங்க, உடனே இன்னொரு டிரெயினிங், செவுத்துல இன்னொரு போஸ்டர். அவங்களுக்கு தெரியாம இல்ல சார், தூக்கத்துல எழுப்பி கேட்டாலும் சொல்வாங்க. ஆனா ஸ்பாட்ல அவங்க பாக்கறது உங்களத்தான்.

தீ கொழுந்துவிட்டு எரியும்போது எவனும் மாஸ்க்க கழட்ட மாட்டான். பிரச்சனையே அணைச்சதுக்கு அப்புறம்தான். புகை அடங்கிடுச்சு, கண்ணுக்கு எல்லாம் தெளிவா தெரியுது, உள்ள கனல் ஏதும் இருக்கான்னு சீலிங்க பிரிச்சு மெத்தைய பொரட்டி கிளறிட்டு இருக்காங்க, வேர்வை ஊத்துது, முதுகுல மாட்டுன மூச்சுக்காத்து சிலிண்டர் வெயிட்டு தோள்பட்டைய அறுக்குது, அந்த நேரம் பாத்து நீங்க மாஸ்க்க கழட்டி தொங்கவிட்டுட்டு "இனி ஒண்ணும் இல்லப்பா"ன்றீங்க, அவ்ளோதான், மொத்த டீமும் கழட்டிடும். கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சயனைடு, ஃபார்மால்டிஹைடு மாதிரி விஷ வாயுங்க எல்லாம் அப்பவும் அங்க இருக்கலாம். கேஸ் மீட்டர் வெச்சு பாத்தோமேன்னு சொல்லாதீங்க, கார்பன் மோனாக்சைடு கொறஞ்சா மத்ததும் கொறஞ்சிடுச்சுன்னு அர்த்தம் கிடையாது.

2022ல உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் தீயணைப்பு வேலையையே குரூப் 1ல சேத்துடுச்சு, அதாவது மனுஷனுக்கு புற்றுநோய் வரவைக்கும்னு உறுதியான லிஸ்ட். புகையிலையும் ஆஸ்பெஸ்டாஸும் அதே லிஸ்ட்லதான் இருக்கு (ஆபத்தோட அளவு ஒண்ணுன்னு இல்ல, ஆதாரம் அந்தளவு உறுதின்னு அர்த்தம்). இது தெரிஞ்சும் கரி புடிச்ச கோட்ட மெடல் மாதிரி மாட்டிக்கிட்டு திரியறவங்கதான் நம்ம சீனியருங்க. புதுசா வந்தவன் வண்டியில ஏறுறதுக்கு முன்னாடி சோப்பு தண்ணி போட்டு பிரஷ்ஷால தேச்சா "என்னடா மாப்ள, கல்யாணத்துக்கா கெளம்பிட்ட"ன்னு கிண்டல். அந்த கரி கழுத்து தோல் வழியாவே உள்ள போகும் சார், அந்த கோட்ட வண்டிக்குள்ள போட்டா எல்லாரும் சேந்து மூச்சுல இழுக்கறோம்.

ஆம்புலன்ஸ்ல பின்னாடி இருக்கறவங்க சீட் பெல்ட் போடறதில்லன்னு திட்டுறீங்க, பெல்ட் போட்டா பேஷண்ட்டுக்கு கை எட்டல, மருந்து கிட் பையும் எட்டல, அப்படி ஒரு வண்டிய வாங்கி குடுத்துட்டு அவங்கள மட்டும் திட்டி என்ன பிரயோஜனம்?

பேஷண்ட்டுக்கு போட்ட ஊசி தவறி நம்ம கையில குத்துனா இன்னும் மோசம். ரிப்போர்ட் பண்ண வந்தா மொத கேள்வியே "ஏன் கவனமா இல்ல"ங்கறது, அப்பறம் மெமோ. அதனால பாதி பேரு ஒரு பிளாஸ்திரிய ஒட்டிக்கிட்டு வாய மூடிக்கிறாங்க. எச்ஐவி தடுப்பு மாத்திரைய 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாகணும், எவ்ளோ சீக்கிரமோ அவ்ளோ நல்லது, இவங்க பயந்து பயந்தே அந்த நேரத்த ஓட்டிடறாங்க.

போஸ்டரெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம் சார். அடுத்த தடவ தீயணைக்க போறப்ப கிளறுற வேலை முடிஞ்சு கடைசி ஆள் வெளிய வர்ற வரைக்கும் மாஸ்க்க கழட்டாதீங்க, முடிஞ்சதும் உங்க கோட்ட மொதல்ல கழுவுங்க. ஊசி குத்துச்சுன்னு வர்றவன மொதல்ல டாக்டர்கிட்ட அனுப்புங்க, விசாரணைய நாளைக்கு வெச்சுக்கலாம்.