அறுவை சிகிச்சைக்கு அவசரப்படாதே

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முடக்குவாத மருந்துக்கான ஆய்வில் உனக்கு இடம் கிடைக்கக்கூடும் என்ற செய்தி மகிழ்ச்சி தந்தது. ஆனால், ஒப்புதல் படிவத்தில் உள்ள கருத்தடை நிபந்தனையைப் படித்துவிட்டு, குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டால் தடையின்றிச் சேர்த்துக்கொள்வார்கள் என்று நீ எழுதியிருந்த வரியைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. இரண்டொரு ஆண்டில் குழந்தையைப் பற்றி யோசிப்போம் என்று போன கடிதத்தில் எழுதியவளும் நீதானே?

இத்தகைய ஆய்வுகளில் பெரும்பாலும் கேட்பது, சரியாகப் பயன்படுத்தினால் ஆண்டுக்கு 100 பெண்களில் ஒருவருக்கும் குறைவாகவே கருத்தரிக்கும் வாய்ப்புள்ள முறையைத்தான். கருக்குழாய் அறுவை சிகிச்சை அந்தப் பட்டியலில் உண்டு. கருப்பையில் பொருத்தி, வேண்டாதபோது எடுத்துவிடக்கூடிய காப்பர் டியும் அதே பட்டியலில் இருக்கிறது. கணவர் வாசெக்டமி என்னும் ஆண் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டு, விந்தணு இல்லையென்று பரிசோதனையில் உறுதியாகியிருந்தால் அதையும் ஏற்பார்கள். கருத்தடை மாத்திரை எடுப்பதாக இருந்தால் மட்டும், காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசினைப் போல ஆய்வு மருந்தும் அதன் வலுவைக் குறைக்குமா என்று கேட்டுக்கொள்.

நான் சேர்ந்திருந்த ஆய்வில், தனித்து வாழ்கிறேன் என்று சொன்ன பிறகும் மாதந்தோறும் கர்ப்பப் பரிசோதனை செய்தார்கள். சிறுநீர் விட்ட அட்டையில் ஒற்றைக் கோடு தெளியும்வரை, செவிலியர் மருந்துப் புட்டியைத் தம் கைப்பக்கமே வைத்திருப்பார். என் சொல்லை நம்பவில்லையே என்று முதலில் வருந்தினேன். 1950களின் இறுதியில் விற்பனைக்கு வந்து, கர்ப்பிணிகள் குமட்டலுக்கு எடுத்துக்கொண்ட தாலிடோமைடு என்ற மருந்தால் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் உறுப்புக் குறைகளுடன் பிறந்ததை எண்ணியபோது அந்த வருத்தம் அடங்கியது. ஆனால் அதே அச்சத்தில், கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண்களைத் தொடக்கநிலை ஆய்வுகளிலிருந்து விலக்கிவைக்குமாறு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1977இல் சொன்னதும், 1993இல்தான் அதை மாற்றிக்கொண்டதும் இன்றும் என்னை உறுத்துகின்றன. பெண்ணுடலில் ஒரு மருந்து எப்படி வேலை செய்கிறது என்று சரிவர அறியாமலேயே பெண்களுக்கு அதை எழுதிக்கொடுக்க நேர்ந்தது அதனால்தான். நிபந்தனை விதித்தாவது நம்மைச் சேர்த்துக்கொள்வது அதைவிட எவ்வளவோ மேல்.

கடைசி வேளை மருந்துக்குப் பிறகும் சில வாரங்களோ மாதங்களோ கருத்தடையைத் தொடரச் சொல்வார்கள். மருந்து உடலை விட்டு நீங்க எடுக்கும் காலம் அது. சில ஆய்வுகளில் ஆண்களையும் ஆணுறை பயன்படுத்தச் சொல்வதுண்டு, ஆகவே உன் கணவரும் உடன் வரட்டும். கையொப்பமிடுமுன் காப்பர் டி போதுமா என்று ஆய்வு மருத்துவரிடம் நேரில் கேட்டுவிட்டு, அவர் சொன்னதை அன்றே எனக்கு எழுது.

என்றும் அன்புடன்,
உன் தோழி